ஃபெண்டரா, வாக்ஸா, மார்ஷலா: கவர் பேண்டுக்கு எந்த ஆம்ப் சத்தம்?

மற்றவர்களின் பாட்டுகளை வாசிக்கும் கவர் பேண்டில் கிட்டார் வாசிப்பவருக்கு ஒரே நிகழ்ச்சியில் ஃபங்க், ஹார்ட் ராக், காதல் பாட்டு எல்லாம் அடுத்தடுத்து வரும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆம்பில் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரில்) பதிவானது. எல்லாவற்றையும் அச்சு அசலாகக் கொண்டுவர நினைத்தால், நிகழ்ச்சி முழுக்கக் குனிந்து, சத்தத்தை மாற்றும் கால் பெடலைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

முதலில் ஃபெண்டர். 1963இல் வந்த ட்வின் ரிவெர்ப் 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். எவ்வளவு திருகினாலும் கிளீன் சத்தம், அதாவது தெளிந்த சத்தம், லேசில் உடைந்து கரகரக்காது, எந்தப் பெடலைப் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். அதன் தம்பியான டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட்தான். வாட் கால் பங்காகக் குறைந்தாலும் சத்தம் குறைவது 6 டெசிபல் அளவுதான். சின்ன மேடைக்கு இது தாராளம். இரண்டுக்கும் பொதுவான சிக்கல், நடு அலைவரிசை உள்வாங்கி இருப்பது. தனியாக வாசித்தால் தேன். கீபோர்டும் பாடகரும் சேர்ந்ததும் கிட்டார் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

மார்ஷல் அந்தக் குழியை நிரப்புகிறது. வேடிக்கை என்னவென்றால், மார்ஷலின் முதல் ஆம்பான ஜேடிஎம்45, ஃபெண்டர் பாஸ்மேன் சர்க்யூட்டைப் பார்த்துச் செய்ததுதான். 1981இல் வந்த ஜேசிஎம்800 வரும்போது குணமே மாறிவிட்டது: நடுவில் கனமான உறுமல், டிரம்ஸைத் தாண்டிக் கேட்கும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி). குறை கிளீனில். கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் ஓரளவு துலங்கும், ஆனால் ஃபங்க் பாட்டுக்கு அது போதாது.

இடையில் நிற்பது வாக்ஸ் ஏசி30. மேலே மணி அடித்தாற்போல ஒரு மினுமினுப்பு. அழுத்தி மீட்டினால் உடையும், மெல்லத் தொட்டால் தெளியும். பாப் பாட்டுகளுக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். மெட்டலுக்கு மட்டும் வேண்டாம்.

ரோலண்ட் ஜேசி-120 ஆம்புக்கு ஒரு வரி போதும்: கிளீனும் கோரஸும் (பல கிட்டார் சேர்ந்தாற்போன்ற எஃபெக்ட்) அருமை, அதன் சொந்த டிஸ்டார்ஷனை, அதாவது கரகரப்பை, தொடாதீர்கள்.

சரி, இந்த ஆம்ப் சத்தங்கள் எல்லாவற்றையும் டிஜிட்டலாக ஒரே பெட்டியில் தரும் மாடலர்? கெம்பர், லைன் 6 ஹீலிக்ஸ் போன்றவை வந்த பிறகு முதுகுவலி போனது, புது வலி வந்தது. ராத்திரி வீட்டில் தாழ்ந்த சத்தத்தில் நாற்பது பேட்ச் (சேமித்து வைக்கும் சத்த அமைப்பு) செதுக்கிக்கொண்டு நான் மேடை ஏறியிருக்கிறேன். முதல் பாட்டிலேயே அடியில் கொழகொழ, மேலே காதைக் குத்தும் கூச்சல். காரணம் பெட்டியல்ல, காது. தாழ்ந்த சத்தத்தில் பேஸும் ட்ரெபிளும் நமக்குக் குறைவாகக் கேட்கும், அதனால் கூட்டி வைத்துவிடுவோம். பேட்சுகளை மேடைச் சத்தத்தில், பேண்டோடு வாசித்துத்தான் சரிசெய்ய வேண்டும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அது பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் உரிய இடம். கெய்னை (கரகரப்பின் அளவை) பதிவில் கேட்பதைவிடக் குறையுங்கள், மிட்டை (நடு அலைவரிசையை) கூட்டுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுவதுபோல இருக்கும், இருக்கட்டும்.

என் தேர்வு மாடலர்தான், ஆனால் நாலே நாலு சத்தத்தோடு: ஃபெண்டர் கிளீன், உடையும் விளிம்பில் நிற்கும் வாக்ஸ், கரகரப்பான மார்ஷல் க்ரஞ்ச், சோலோவுக்கு அதே க்ரஞ்ச் 4 டெசிபல் கூடுதலாக. மேடையில் இது போதாமல் போனதில்லை. பெட்டி வேண்டாம் என்பவர் டீலக்ஸ் ரிவெர்பும் மிட் தூக்கலான, கரகரப்பு சேர்க்கும் ஒரு ஓவர்டிரைவ் பெடலும் வாங்கலாம், முக்கால்வாசிப் பாட்டுகள் அதில் அடங்கிவிடும்.

ஒன்றே ஒன்று: பேண்டில் இரண்டாவது கிட்டார் இருந்தால் அவர் என்ன வைத்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். அவர் மார்ஷல் என்றால் நீங்கள் வாக்ஸ் பக்கம் போங்கள். இரண்டு மார்ஷல் ஒரே பாட்டில் உறுமினால் கூட்டத்துக்குக் கேட்பது ஒரே ஒரு பெரிய இரைச்சல்தான்.