பல்லி பயத்துக்கு எது சரி: படமா, வீடியோவா, சுவரில் இருக்கும் பல்லியா?

எங்கள் வீட்டுச் சமையலறையில் டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருக்கிறது. அது தலையை நீட்டினால் போதும், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் நான் உள்ளே போகமாட்டேன். இப்படி ஒரே ஒரு பொருள்மேல் வரும் பெரும் பயத்துக்குத்தான் ஃபோபியா என்று பெயர். பயப்படும் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்வதுதான் இதற்கு நன்றாக வேலை செய்யும் சிகிச்சை. முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, முயலை மெல்ல மெல்ல அருகே கொண்டுவந்து பயத்தைப் போக்கினார் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ். அதை அவர் எழுதியது 1924இல். இன்று முயலைத் தேடிப் போக வேண்டாம், ஃபோன் கையிலேயே இருக்கிறது. அது போதுமா என்பதுதான் கேள்வி.

முதலில் படம். செலவில்லை, வீட்டிலேயே தொடங்கலாம். பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுவது மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே விட்டுப்போன பழக்கம். எனக்குக் கார்ட்டூன் பல்லி 15, தூரத்தில் எடுத்த படம் 40, விரல் நுனிகள் தெரியும் குளோசப் 65. ஒரே படத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் எண் தானாக இறங்கும். மூன்று நாளில் குளோசப்பும் 20க்கு வந்துவிட்டது. பெருமையாகச் சமையலறைக்குப் போனேன். வாசற்படியைத் தாண்ட முடியவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. பயம் இறங்குவதைவிட, நாம் எதிர்பார்த்த விபரீதம் நடக்காமல் போவதே முக்கியம் என்கிறார் உளவியலாளர் மிஷெல் கிராஸ்க். என் எதிர்பார்ப்பு, ‘அது என்மேல் குதிக்கும்.’ படத்தில் இருக்கும் பல்லி எந்தக் காலத்திலும் குதிக்காது என்று எனக்கே தெரியும். அப்புறம் அதைப் பார்த்து எதைப் பொய்யென்று நிரூபிப்பது? (காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டு வந்தவள் நான். அதனால் வீட்டுப் பல்லியோடு சமாதானம் ஆகிவிடவில்லை.)

வீடியோ இதற்கு ஒரு படி மேல். பல்லியின் அசைவில்தான் என் பயமே இருக்கிறது: சட்டென்று ஓடி, நின்று, தலையைத் திருப்பும் அந்த விதம். அறுந்த வால் தனியாகத் துள்ளும் வீடியோ எனக்கு 80. ஆனால் விரல் எப்போதும் நிறுத்தும் பொத்தான்மேலேயே இருந்தது. அதுவும் ஒருவகைத் தப்பி ஓடல்தான். ஃபோனைத் தங்கையிடம் கொடுத்து, எப்போது ஓடும் என்று தெரியாமல் பார்த்த பிறகே பலன் தெரிந்தது. ‘பார்த்தாலே தாங்காது’, ‘அருவருப்பு’ என்பவர்களுக்கு வீடியோ பாதிக் கிணறு தாண்ட வைக்கும். ‘மேலே விழும்’ என்பவர்கள் சுவருக்கு முன்னால் போய் நின்றுதான் ஆகவேண்டும்.

நேரில் எதிர்கொள்வதில் சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் வகுத்த முறை ஆச்சரியமானது: அதிகபட்சம் மூன்று மணி நேரம், ஒரே அமர்வு, சிகிச்சையாளர் முதலில் செய்து காட்ட நாம் பின்தொடர வேண்டும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2008ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, சிகிச்சை முடிந்த கையோடு பார்த்தால் மற்ற எதிர்கொள்ளும் முறைகளைவிட நேரடி முறையே முந்துகிறது, சில காலம் கழித்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் தெரியவில்லை என்கிறது. ஆகவே திரை வழியை மட்டம் தட்டவும் வேண்டாம். என் தேர்வு: இரண்டு வாரம் வீடியோ, அப்புறம் சமையலறை.

கண்ணில் மாட்டினால் நிஜம்போலக் காட்சி காட்டும் மெய்நிகர் (VR) கண்ணாடி பல்லிக்குத் தேவையில்லை. விமானம், உயரம் என்றால் கதை வேறு. பத்து தடவை பறக்க டிக்கெட் யார் எடுப்பது?

ஒரு பயத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்: இரத்தம், ஊசி. மற்ற பயங்களில் இரத்த அழுத்தம் ஏறும். இதில் ஏறிய வேகத்தில் சரிந்து மயக்கமே வரலாம். அறுவைச் சிகிச்சை வீடியோவைத் தனியாக நின்றபடி பார்த்துப் பழகுவது ஆபத்து. இவர்களுக்குக் கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கி, முகம் சூடானதும் தளர்த்தும் பயிற்சி தனியாக உண்டு. அதை உளவியலாளரிடம் கற்றுக்கொண்ட பிறகு, உட்கார்ந்தபடி படத்தைத் திறக்கலாம்.