கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க: ஹாக்வோனா, அரசுப் பள்ளியா?

தென்கொரியாவுக்கு ஆங்கில ஆசிரியராகப் போகிறவருக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள்: ஹாக்வோன் எனப்படும் தனியார் டியூஷன் மையம், அல்லது வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை அமர்த்த அரசு 1995-இல் தொடங்கிய எபிக் திட்டத்தின் வழியே அரசுப் பள்ளி.

பள்ளியில் காலை எட்டரை முதல் மாலை நாலரை வரை வேலை. வாரத்துக்கு 22 பாடவேளை. ஹாக்வோனுக்குப் பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளி விட்டுத்தான் வருவார்கள். மதியம் தொடங்கினால் இரவு வரை இழுக்கும் (சியோலில் பத்து மணிக்கு மூடியாக வேண்டும் என்று விதியே போட்டிருக்கிறார்கள்!).

ஓராண்டு முடித்தால் ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடை. இரண்டு இடத்திலும் அது சட்டப்படி உரிமை. அதை மிச்சம் பிடிக்கவே பதினோராம் மாதம் ஆளை அனுப்பிவிடும் ஹாக்வோன் முதலாளிகளும் உண்டு. ஐந்து பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடமென்றால் ஓவர்டைம் படி, ஆண்டு விடுப்பு போன்ற சட்டப் பாதுகாப்பும் இல்லை. அயல்மொழி ஆசிரியர்களுக்குத் தரும் இ-2 விசா வேலையோடு கட்டுண்டது. நினைத்த மாத்திரத்தில் இடம் மாற முடியாது. ஆகவே கையெழுத்துப் போடும் முன் அங்கே இப்போது வேலை பார்க்கும் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

பள்ளியிலோ எந்த ஊர், எந்த வகுப்பு என்பது நம் கையில் இல்லை. விடுமுறையில் பிள்ளைகளே இல்லாத கட்டடத்தில் மேசையைக் காத்துக்கொண்டு உட்கார வேண்டியும் வரும். எனக்கென்றால் அந்தச் சலிப்பே மேல்.