ஒரே கலமா, இரண்டு கலமா? பாதிப் பணம் மட்டும் கையில் இருந்தபோது

போன மாதம் ஒரு கல்லூரியின் விண்வெளி மன்றத்தில் மாணவர்களோடு உட்கார்ந்து ஒரு பயிற்சி செய்தோம். ஆண்டு 2012. நாங்கள்தான் நாசா நிர்வாகம். தனியார் நிறுவனங்கள் மனிதரை ஏற்றிச் செல்லும் விண்கலம் கட்டுவதற்காக அந்த ஆண்டுக்கு 85 கோடி டாலர் கேட்டிருக்கிறோம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தந்தது 40.6 கோடி. போயிங், ஸ்பேஸ்எக்ஸ், சியரா நெவாடா, புளூ ஆரிஜின் என நான்கு நிறுவனங்கள் வரிசையில் நிற்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாப் பணத்தையும் அதில் போடுவதா, குறைந்தது இரண்டையாவது தக்கவைப்பதா? பெரும்பாலான மாணவர்கள் ஒன்று போதும் என்றார்கள். நான் இரண்டு என்று கையெழுத்துப் போட்டேன். ஏன் என்று அன்று முழுதாகச் சொல்ல நேரம் இல்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில், இரண்டு வழிக்கும் பொதுவானதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அட்லாண்டிஸ் விண்வெளி ஓடம் 2011 ஜூலையில் தரையிறங்கியதோடு நாசாவின் ஷட்டில் காலம் முடிந்துவிட்டது. அதன் பிறகு அமெரிக்க வீரர்கள் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போக ரஷ்யாவின் சோயுஸ் மட்டுமே வழி. புதிய கலங்களுக்கு மொத்த விலை பேசிய ஒப்பந்தம்தான் போடுவது என்பதும் வேலை முன்னேற முன்னேற உறுதியானது. நம் ஊரில் வீடு கட்ட மொத்தமாகக் கான்ட்ராக்ட் விடுவதுபோல: ஒரு கட்டத்தை முடித்தால் அதற்கான தவணை, செலவு கூடினால் கட்டுகிறவர் பாடு.

ஒன்று போதும் என்ற வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. பிரதிநிதிகள் சபையில் நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் ஃபிராங்க் வுல்ஃப் 2012இல் இதைத்தான் அழுத்தினார். பணம் பாதிதான் வருகிறது, அதையும் பங்கு போட்டால் எல்லோரும் மெதுவாகத்தான் நகர்வார்கள் என்பது நேரான கணக்கு. இரண்டு கலம் என்றால், மனிதர் ஏறப் பாதுகாப்பானது என்று சோதித்துச் சான்று தரும் வேலையும் இரண்டு மடங்கு. கடைசியில் நாசா தலைவர் சார்லஸ் போல்டனும் வுல்ஃபும் ‘இரண்டரை நிறுவனம்’ என்று ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். அந்த ஆகஸ்டில் போயிங்குக்கு 46 கோடி, ஸ்பேஸ்எக்ஸுக்கு 44 கோடி, சியரா நெவாடாவுக்கு 21.25 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அந்த ‘அரை’ சியரா நெவாடா. 2014 செப்டம்பரில் முழு ஒப்பந்தம் வந்தபோது இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள்: போயிங்குக்கு 420 கோடி, ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி. 2017க்குள் இரண்டு கலங்களும் தயாராக வேண்டும் என்பது இலக்கு.

இனி எனக்கு முக்கியமாகப் படுவது. ஒன்று போதும் என்றால், அந்த ஒன்று எதுவாக இருந்திருக்கும்? மாணவர்கள் எல்லோரும் ஸ்பேஸ்எக்ஸ் என்றார்கள். இன்று தெரிந்ததை வைத்துச் சொல்கிறோம், அதனால்தான் அந்த விடை. 2014இல் தேர்வுக்குப் பொறுப்பாக இருந்த வில்லியம் கெர்ஸ்டன்மையரின் முடிவுக் குறிப்பில் அதிக மதிப்பெண் போயிங்குக்குத்தான். விலை கூடுதல் என்றாலும் அனுபவம், திட்டமிடல், நம்பகம் எல்லாம் அந்தப் பக்கம் இருந்தன. அன்று ஒரே ஒரு கையெழுத்துதான் என்றால் அது போயிங்குக்கே போயிருக்கும் என்பது என் எண்ணம். அப்போது அது தவறான தேர்வாகவும் தெரிந்திருக்காது.

அதன்பின் போயிங்கின் கலமான ஸ்டார்லைனருக்கு என்ன ஆனது என்று வரிசையாகப் பாருங்கள். 2019 டிசம்பரில் ஆளில்லாத முதல் சோதனை. கலத்தின் கடிகாரம் ராக்கெட்டிடமிருந்து 11 மணி நேரம் தவறான கணக்கை வாங்கிக்கொண்டதால் நிலையத்தை எட்டாமலே திரும்பியது. 2021 ஆகஸ்டில் மறுபடி ஏவுதளத்துக்கு வந்தபோது உந்துவிசை அமைப்பின் 13 வால்வுகள் திறக்காமல் இறுகிக்கொண்டன. ஈரப்பதம் உள்ளே போய் அரிப்பு. 2022 மே மாதம்தான் ஆளில்லாத பயணம் முழுதாக நடந்தது. அடுத்த ஆண்டு பாராசூட் இணைப்புகளின் வலுவும், கம்பிகளைச் சுற்றிய டேப் தீப்பற்றக்கூடியது என்பதும் சிக்கலாக வந்தன. 2024 ஜூன் 5 அன்று புட்ச் வில்மோரும் சுனிதா வில்லியம்ஸும் ஏறிப் போனார்கள். திட்டம் எட்டு நாள். ஹீலியம் கசிவு, கலத்தைத் திருப்பி நகர்த்தும் சிறு எஞ்சின்களான உந்திகளில் 5 செயலிழப்பு. செப்டம்பரில் கலம் ஆளில்லாமல் தரைக்கு வந்தது.

இங்கேதான் நான் நின்றுகொள்கிறேன். அந்த இருவரும் எதில் திரும்பினார்கள்? ஸ்பேஸ்எக்ஸின் கலமான டிராகனில். 2024 செப்டம்பர் இறுதியில் நான்கு பேர் போக வேண்டிய டிராகன் இரண்டு பேரோடு மட்டும் போனது. மற்ற இரண்டு இருக்கைகள் இவர்களுக்காகக் காலியாக விடப்பட்டன. 2025 மார்ச் 18இல் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். இரண்டாவது கலம் இல்லாத உலகத்தில் அந்தக் கோடையில் கையில் இருந்திருக்கக்கூடியது பழுதான கலமும் சோயுஸும்தான். அதுவும் உக்ரைன் போர் நடக்கும் காலத்தில். “பரவாயில்லை, இதிலேயே இறங்குங்கள்” என்று சொல்ல வேண்டிய நெருக்கடி அதிகாரிகளுக்கு வந்திருக்கும். பாதுகாப்பைப் பற்றி நிதானமாக முடிவெடுக்க அவர்களுக்கு இடம் கொடுத்தது அந்த இரண்டாவது கலம். நான் இரண்டு என்று சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

சரி, ஸ்பேஸ்எக்ஸை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால் எல்லாம் நன்றாக நடந்திருக்குமா? 2015 ஜூனில் அவர்களுடைய சரக்கு ராக்கெட் வானில் சிதறியது. 2016 செப்டம்பரில் இன்னொன்று ஏவுதளத்திலேயே வெடித்தது. 2019 ஏப்ரலில், ஒருமுறை விண்ணுக்குப் போய்த் திரும்பிய டிராகனே தரைச் சோதனையில் வெடித்தது. ஒரே நம்பிக்கையாக அது இருந்திருந்தால், அந்த மூன்று தடவையும் திட்டத்தை நிறுத்தச் சொல்லும் குரல் எவ்வளவு உரக்க எழுந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். பக்கத்தில் இன்னொருவர் ஓடிக்கொண்டிருந்ததால் பழுதைத் தேடிச் சரிசெய்ய அவகாசம் கிடைத்தது. 2020 மே 30இல் டக் ஹர்லியும் பாப் பென்கனும் டிராகனில் ஏறினார்கள். சொன்ன ஆண்டுக்கு மூன்று ஆண்டுகள் கழித்து.

இந்தத் தாமதம் யாருடைய தாமதம் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். முதலில் இலக்கு 2015. அது 2017க்குத் தள்ளிப்போனதில் பெரும் பங்கு பணத்துக்கு. 2013க்கு 83 கோடி கேட்டார்கள், 52.5 கோடி வந்தது, அதிலும் அரசுச் செலவுகளுக்குச் சட்டப்படி தானாக விழும் வெட்டு விழுந்தது. 2014க்கு 82.1 கோடி கேட்டு 69.6 கோடி வாங்கினார்கள். கேட்டதை முழுதாகத் தந்தது 2016 நிதியாண்டில்தான். 2017இலிருந்து 2020க்கு நகர்ந்ததைப் பணத்தின் மேல் போட முடியாது. அது பொறியியல்: பாராசூட், வால்வு, மென்பொருள். முதல் ஆண்டுகளில் பணம் முழுதாக வந்திருந்தால் இந்தப் பழுதுகளும் முன்னதாகவே வெளிப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் இது என் ஊகம். கணக்குப் போட்டு நிரூபிக்க முடியாது.

பணத்தை வெட்டியதில் என்ன மிஞ்சியது என்று பார்த்தால்தான் எனக்கு ஆற்றாமை. 2012இல் வெட்டியது 44.4 கோடி டாலர். 2015 ஆகஸ்டில் போல்டன் காங்கிரஸுக்கு எழுதினார்: சோயுஸில் இன்னும் ஆறு இருக்கை வாங்க 49 கோடி டாலர் ஒப்பந்தம். இருக்கைக்கு 8 கோடிக்கும் மேல். தன் நாட்டுப் பட்டறைக்குத் தர மறுத்த தொகையை மூன்று ஆண்டுகளில் வேறொரு நாட்டுக்கு டிக்கெட் காசாகக் கொடுத்தார்கள்.

இரண்டு என்பதற்கும் விலை உண்டு, அதை மறைக்க மாட்டேன். நாசாவின் உள் தணிக்கை அலுவலகம் 2019இல் ஓர் அறிக்கை தந்தது. இருக்கைக்கு டிராகனில் 5.5 கோடி, ஸ்டார்லைனரில் 9 கோடி ஆகும் என்றது. அதைவிட என்னை உறுத்தியது வேறு: மொத்த விலை பேசிய பிறகும் போயிங்குக்கு 28.72 கோடி டாலர் கூடுதலாகத் தர நாசா ஒப்புக்கொண்டிருந்தது. இரண்டாவதை இழந்துவிடக் கூடாது என்ற கவலை இருக்கும்போது, ‘செலவு கூடினால் உன் பாடு’ என்ற சொல் கொஞ்சம் நெகிழ்கிறது. ஆனாலும் பெரும் நஷ்டம் போயிங்கின் தலையில்தான் விழுந்தது. ஸ்டார்லைனரில் அது எழுதிக்கொண்ட இழப்பு 200 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஆகும் செலவுக்கு மேல் லாபமும் சேர்த்துத் தரும் பழைய முறையில் இதில் பெரும்பகுதி மக்கள் வரிப்பணமாக இருந்திருக்கும்.

ஒன்று போதும் என்ற வழி நிஜத்தில் எப்படிப் போகும் என்பதற்கு ஒரு பாடமும் கிடைத்திருக்கிறது. நிலவில் மனிதரை இறக்கும் கலத்துக்கு 2021 நிதியாண்டில் நாசா கேட்டது சுமார் 330 கோடி டாலர். வந்தது 85 கோடி. இரண்டு நிறுவனம் எடுக்க நினைத்தவர்கள் பணம் இல்லாததால் ஸ்பேஸ்எக்ஸை மட்டும் 289 கோடிக்கு எடுத்தார்கள். 2023 மே மாதம் புளூ ஆரிஜினை இரண்டாவதாகச் சேர்த்தார்கள், சுமார் 340 கோடிக்கு. 2025 அக்டோபரில் நாசாவின் தற்காலிகத் தலைவர் ஷான் டஃபி, ஸ்பேஸ்எக்ஸ் பின்தங்கிவிட்டது, இந்த ஒப்பந்தத்தைப் போட்டிக்குத் திறக்கிறேன் என்றார். முதலிலேயே இருவரையும் சேர்த்திருந்தால் இரண்டாவது ஆள் இரண்டு ஆண்டுகள் முன்னால் இருந்திருப்பார்.

நம் ஆட்களுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. ககன்யான் 2022 இலக்கைத் தாண்டித் தள்ளிப்போய்க்கொண்டிருக்க, சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் நிலையத்துக்குப் போனது டிராகனில் இந்தியா வாங்கிய இருக்கையில்தான். மகேந்திரகிரியில் ககன்யானின் எஞ்சின்களை எரித்துச் சோதிக்கிறவர்கள் இந்தக் கணக்கை என்னைவிட நன்றாக அறிவார்கள்.

என் நிலைப்பாடு தளரும் இடம் ஒன்று இருக்கிறது. 2025 நவம்பரில் ஸ்டார்லைனரின் உறுதியான பயணங்களை ஆறிலிருந்து நான்காகக் குறைத்து, அடுத்தது சரக்கோடு மட்டும் போகும் என்றும் சொல்லிவிட்டார்கள். நிலையத்தை 2030க்குப் பிறகு இறக்கிவிடத் திட்டம். இவ்வளவு தாமதமாக வரும் இரண்டாவது கலம் எத்தனை தடவை மனிதரை ஏற்றும்? நிலையம் போன பிறகு அதன் இடத்தில் வரவேண்டிய தனியார் நிலையங்களுக்கும் இதே கேள்விதான்: பணம் குறைவு, விண்ணப்பித்தவர் பலர். எங்கள் அடுத்த அமர்வுக்கு அந்தப் பட்டியலைத்தான் எடுத்திருக்கிறோம். இந்தத் தடவை ஒன்று என்ற பக்கத்தை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.