மாற்றுத்திறனாளி அட்டை, உதவித்தொகை, மேல்முறையீடு: வட சென்னைக்காரர்களுக்கான விமர்சனம்

காசிமேடோ, எர்ணாவூரோ, வியாசர்பாடியோ, எங்கிருந்து விண்ணப்பித்தாலும் இந்தச் சேவைக்கு இரண்டு வாசல். குறைபாடு எத்தனை சதவீதம் என்று சொல்வது அரசு மருத்துவர். மாத ஓய்வூதியம் தரலாமா என்று முடிவு செய்வது தாசில்தார். ஒரு வாசலில் மறுத்ததை இன்னொரு வாசலில் போய்க் கேட்பதால்தான் நியாயமான பல மனுக்கள் மாதக்கணக்கில் கிடக்கின்றன.

அட்டை வாங்கும் பகுதி முன்பைவிட எவ்வளவோ மேல். 2021 ஜூன் 1 முதல் சான்றிதழ் யூடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) இணையதளம் வழியாகத்தான் தரப்பட வேண்டும். ஆதார், முகவரிச் சான்று, போட்டோ, கையெழுத்து அல்லது கைரேகை, கையில் உள்ள மருத்துவச் சீட்டுகள் போதும். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். இனிஷியல் முன்னே பின்னே போனால்கூடப் பிறகு திருத்த அலைய வேண்டும். பதிவு எண் வந்ததும் அதை அச்செடுத்து வையுங்கள். ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கத்துக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகில் இருக்கிறது. கண், மனநலம் என்றால் எழும்பூர் கண் மருத்துவமனையிலும் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் பார்த்த பழைய சீட்டுகளைச் சேர்த்து எடுத்துப் போங்கள். 2024 திருத்தத்துக்குப் பிறகு அட்டைக்கு மூன்று நிறம்: 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். வெள்ளை அட்டை கைக்கு வந்தால் ஓய்வூதியம் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான உதவிகளுக்கு 40 சதவீதம்தான் கோடு.

இந்தக் கோட்டில்தான் அதிகம் பேர் நிற்கிறார்கள். ஒரு கண் முழுவதும் போய் மற்றது நன்றாக இருந்தால் வழிகாட்டு விதிப்படி 30 சதவீதம். காது என்றால் நன்றாகக் கேட்கும் காதின் சதவீதத்தை ஐந்தால் பெருக்கி, மற்ற காதின் சதவீதத்தைக் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். ஆகவே ஒரு காது முழுச் செவிடாகி மற்றது சரியாக இருந்தால் 17-ஐ ஒட்டித்தான் வரும். இது மருத்துவரின் மனசு அல்ல, கணக்கு. இதை எதிர்த்து மேல்முறையீடு செய்து பயனில்லை.

பயன் இருப்பது வேறொரு இடத்தில். இரண்டு குறைபாடு உள்ளவரை ஒரே துறை மருத்துவர் மட்டும் பார்த்து எழுதிவிடுவது உண்டு. கண்ணில் 30, காலில் 24 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே இரண்டும் தள்ளுபடிதான். சேர்த்துப் பார்க்கும் முறை இது: 90-லிருந்து பெரிய எண்ணைக் கழித்து, சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும். 60 பெருக்கல் 24, வகுத்தால் 16. 30-உடன் சேர்த்தால் 46. கோட்டைத் தாண்டியாயிற்று. விண்ணப்பத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாட்டைக் குறிப்பிடாவிட்டால் இரண்டாவது துறைக்கு அனுப்பவே மாட்டார்கள்.

இனி ஓய்வூதியம். வருவாய்த்துறை வழியாக வருவது 2023 ஜனவரியில் 1,000-லிருந்து 1,500 ரூபாய் ஆனது. 75 சதவீதமும் அதற்கு மேலும் கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கும், 40 சதவீதமும் அதற்கு மேலும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை 2,000. இரண்டையும் ஒருவரே வாங்க முடியாது. 2,000-க்குத் தகுதி இருப்பவர் விவரம் தெரியாமல் 1,500-க்கு எழுதிப் போடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எது நமக்கு என்று கேட்டுவிடுங்கள்.

ஓய்வூதிய மனு இ-சேவை மையத்தில் ஏறி, சமூகப் பாதுகாப்புத் திட்ட தாசில்தாரிடம் போகும். நடுவில் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) விசாரணை. நம் பகுதியில் மனு விழுவது பெரும்பாலும் முகவரியில்தான். வாடகை வீடு மாறியிருப்பார்கள். அல்லது ஹவுசிங் போர்டு வீட்டுக்குப் பெயர்த்திருப்பார்கள். ஆதார் தண்டையார்பேட்டையில், ரேஷன் கார்டு திருவொற்றியூரில் என்றால் விசாரணைக்கு வருபவர் பழைய வீட்டுக் கதவைத் தட்டி, "மனுதாரர் வசிக்கவில்லை" என்று எழுதிவிட்டுப் போவார். மனுப் போடுவதற்கு முன்பே இரண்டையும் இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு மாற்றுங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மறுத்துவிட்டால்? வாய்வார்த்தையை ஏற்று வீட்டுக்குத் திரும்பாதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 58-வது பிரிவு, குறைபாடு இல்லை என்று முடிவு செய்தால் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சதவீதம் பற்றிய முடிவை எதிர்க்க 59-வது பிரிவு வழி தருகிறது. மாநில அரசு நியமித்த மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும். "நான் ஏழை, கருணை காட்டுங்கள்" என்று எழுதினால் அங்கே எடுபடாது. எந்த மூட்டு, எந்தப் பரிசோதனை, எதை அளக்காமல் விட்டார்கள் என்று எழுதுங்கள். புதிய ஆடியோகிராம் (காது கேட்கும் திறன் பரிசோதனை), எக்ஸ்ரே, சிகிச்சைச் சுருக்கம் இணையுங்கள்.

தாசில்தார் மறுத்தால் அதே ஊரில் மருத்துவரைத் தேடிப் போவது வீண். வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதுவும் ஆணை கைக்கு வந்து 30 நாளுக்குள் கொடுத்துவிடுவது நல்லது. காரணம் ஒற்றை வரியில் இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் விசாரணை அறிக்கையின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வி.ஏ.ஓ. என்ன எழுதினார் என்று தெரிந்தால்தான் எதை மறுப்பது என்று தெரியும். ஆனால் அந்தப் பதிலுக்காக மேல்முறையீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். மனுவை முதலில் கொடுத்துவிட்டு, நகல் வந்ததும் கூடுதலாகச் சேர்க்கலாம். ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கும் மனு ஒரு அழுத்தம்தான். மேல்முறையீட்டுக்கு அது மாற்றாகாது. பலரும் அங்கேதான் ஏமாந்து கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

இரண்டு வாசலிலும் பதில் இல்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். விசாரிக்க உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரைத்தால், எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் அந்த அலுவலகம் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

தற்காலிகச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் அதில் உள்ள முடிவுத் தேதியைக் காலண்டரில் குறித்து, அதற்கு முன்பே மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். தேதி தாண்டிவிட்டால் வந்துகொண்டிருக்கும் தொகையும் நின்றுபோகும் ஆபத்து இருக்கிறது.