அறுவடை முடிந்த பாத்திக்கு எது: பசுந்தாளா, மூடாக்கா?

செப்டம்பர் கடைசியில் ரன்னர் பீன்ஸ் கொடியையும் கோர்ஜெட் (சுரைக்காய் மாதிரியான ஜூக்கினி) செடியையும் பிடுங்கிப் போட்டதும், லண்டன் அலாட்மெண்ட்டில் (காய்கறி போட வாடகைக்குக் கிடைக்கும் தோட்டத் துண்டு) பாதி இடம் வெறும் மண்ணாக நிற்கும். அதை அப்படியே விடக்கூடாது. குளிர்கால மழை நைட்ரஜனைக் கரைத்துக் கீழே இறக்கிவிடும், களிமண்ணின் மேற்பரப்பு இறுகிப்போகும், களையும் சும்மா இருக்காது. ஒன்று, பசுந்தாள் உரம், அதாவது வளர்த்துப் பிறகு மண்ணிலேயே மடக்கிவிடும் பயிர், விதைக்கலாம். இல்லையென்றால் கம்போஸ்ட்டால் மூடாக்குப் போடலாம். பூண்டும் பிராட் பீன்ஸும் நடுவது மூன்றாவது வழிதான், ஆனால் ஒரு வீட்டுக்கு அதில் எத்தனை பாத்தி வேண்டும்? முழு பிளாட் என்றால் பழைய அளவில் 10 ராட், சுமார் 250 சதுர மீட்டர். அரை பிளாட் வைத்திருப்பவருக்கும் மீதி இடம் நிறையவே இருக்கும்.

நான் மூடாக்குக் கட்சி. இரண்டையும் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

காசுக்கணக்கில் பசுந்தாள் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. ஒரு பொட்டலம் கிரேசிங் ரை (புல் மாதிரி வளரும் தானியப் பயிர்) விதை சில பவுண்டுதான். மூடாக்குக்கு 5 செ.மீ. உயரம் கம்போஸ்ட் பரப்ப வேண்டும், அதாவது சதுர மீட்டருக்கு 50 லிட்டர், கடையில் விற்கும் பெரிய பை ஒன்று. 1.2 மீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் உள்ள பாத்திக்கு 180 லிட்டர். எல்லாவற்றையும் பையில் வாங்கினால் கட்டுப்படியாகாது. சொந்தக் கம்போஸ்ட், பழைய குதிரைச் சாணம், போன வருஷம் குவித்து மட்கிய இலை என்று கலந்துதான் சமாளிக்க வேண்டும். சத்தைப் பிடித்து வைப்பதிலும் பசுந்தாளே மேல். குளிரிலும் ரை வேர் மண்ணில் மிச்சமிருக்கும் நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்ளும். டேர்ஸ், ஃபீல்டு பீன்ஸ் போன்ற பயறு வகைகள் நைட்ரஜன் சேர்க்கும் என்பார்கள். சேர்க்கும்தான், ஆனால் குளிர் மண்ணில் நைட்ரஜனைப் பிடிக்கும் வேர்முடிச்சுகள் மந்தமாகத்தான் வேலை செய்யும்.

அப்படியானால் ஏன் மூடாக்கு? ஏப்ரல் மாதத்துக்காக.

ஊரில் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்தால், பூக்கும் பருவத்தில் தண்ணீர் கட்டி டிராக்டரை இறக்கி மடக்கி உழுதுவிடுவார்கள். அந்த வெப்பத்தில் சீக்கிரமே மட்கிவிடும். இங்கே டிராக்டரும் இல்லை, வெப்பமும் இல்லை. கையில் ஒரு ஃபோர்க், காலடியில் ஈரக் களிமண். ரை வேர் மண்ணை எப்படிப் பின்னிப் பிடித்திருக்கும் என்பதை ஒரு கட்டியைப் புரட்டிப் பார்த்தால் தெரியும்: எவ்வளவு உதறினாலும் மண் உதிராது, நார்ப்பாயைத் தூக்கிய மாதிரி மொத்தமாக வரும். புல்லை வெட்டி, கட்டியைக் கவிழ்த்துப் புதைத்தாலும், இடைவெளியில் பச்சை நாக்கு நீட்டி மறுபடி தழையும். அதைவிட முக்கியம், மட்கும் ரை சின்ன விதைகளை முளைக்க விடாது. கேரட், கீரை எல்லாம் விதைக்க ஒரு மாதமாவது காத்திருக்க வேண்டும். உருளைக்கிழங்கு நடுவதும், ஜன்னலோரத் தக்காளி நாற்றைத் தொட்டி மாற்றுவதும், முதல் களை எடுப்பதும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும் மாதத்தில் இந்த வேலையும் சேர்ந்தால், ஆபீஸ் போகிறவர் கதி என்ன?

மூடாக்கில் அந்த வேலை எல்லாம் முன்கூட்டியே முடிந்துவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு, வார நாளில் வேலை முடிந்து பிளாட்டுக்குப் போக வெளிச்சமே இருக்காது. கம்போஸ்ட் பரப்பப் பருவ அவசரம் எதுவும் இல்லை. நவம்பரில் ஒரு ஞாயிறு இரண்டு பாத்தி, மழை விட்ட இன்னொரு ஞாயிறு இரண்டு பாத்தி என்று போகலாம். பசுந்தாளுக்கு அப்படி முடியாது. கடுகும் ஃபசீலியாவும் (ஊதாப் பூப் பூக்கும் இன்னொரு பசுந்தாள் செடி) செப்டம்பர் நடுவுக்குள் விதைத்தாக வேண்டும், அப்போது அந்தப் பாத்தியில் தக்காளியும் பூசணியும் நின்றுகொண்டிருக்கும். ரை மட்டும் அக்டோபர் வரை பொறுக்கும்.

ஏப்ரலில் மூடாக்குப் பாத்தியில் செய்ய வேண்டியது ரேக்கால் ஒரு இழுப்பு. தோண்டுவது கிடையாது, கம்போஸ்ட்டிலேயே நேராக நாற்று வைக்கலாம். இங்கிலாந்துத் தோட்டக்காரரும் எழுத்தாளருமான சார்ல்ஸ் டவ்டிங் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் தோண்டாத முறை இதுதான்.

பனியில் தானே சாகும் பசுந்தாள் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். கடுகு சாகும், ஆனால் அது கோஸ் குடும்பம். கிளப் ரூட் (கோஸ் குடும்பச் செடிகளின் வேரை வீங்கவைக்கும் நோய்) இருக்கிற மண்ணில் அதை விதைப்பது நோய்க்குச் சோறு போடுவது. ஃபசீலியா லண்டனின் மிதமான குளிரில் பல வருஷம் சாகாமலே நிற்கும்.

மூடாக்கிலும் வம்பு உண்டு. களையை அடக்கக் கம்போஸ்ட்டுக்கு அடியில் காகித அட்டை விரித்தால், நத்தைக்கு அதன் அடி நல்ல வீடு. பைண்ட்வீட் என்ற சுற்றிப் படரும் களைக்கொடி எத்தனை அட்டைக்கும் அசையாது, கையால்தான் எடுக்க வேண்டும். குதிரைச் சாணத்தில் கவனம் தேவை. மேய்ச்சல் நிலத்தில் அடிக்கும் அமினோபைரலிட் களைக்கொல்லி குதிரையின் வயிற்றைத் தாண்டியும் சாணத்தில் தங்கிவிடும், பீன்ஸும் தக்காளியும் இலை சுருண்டு போகும். சாணம் கலந்த தொட்டியில் நாலு பிராட் பீன்ஸ் விதை போட்டுப் பார்த்துவிட்டுப் பரப்புங்கள். கோணல் இல்லாமல் வளர்ந்தால் சரி.

நான் பார்த்ததெல்லாம் களிமண். மணல் கலந்த மண்ணில் ஃபோர்க் சுலபமாக இறங்கும், சத்தும் வேகமாகக் கரைந்து போகும். அங்கே ரை பக்கம் தராசு சாயலாம். எல்லாப் பாத்திக்கும் கம்போஸ்ட் தேறாதவர்கள், ஜூனில் பூசணியோ ஸ்வீட்கார்னோ வைக்கும் பாத்திகளை ரைக்கு விடலாம். மே மாதம் வரை அவகாசம் இருக்கிறது, வெட்டிப்போட்டுக் கறுப்பு ஷீட்டால் சில வாரம் மூடினால் தோண்டாமலே அடங்கும். கேரட், கீரை, வெங்காயப் பாத்திகளுக்கு மட்டுமாவது கம்போஸ்ட்டை ஒதுக்கி வையுங்கள்.