துருக்கிப் பிறவினை: காலை வாருவது விகுதியல்ல, வேற்றுமை

துருக்கி மொழியில் ‘செய்ய வை’ என்னும் பிறவினைக்குத் துணைவினை தேட வேண்டாம்; பகுதியோடு (வினையின் வேரோடு) விகுதி ஒட்டினால் போதும். புதிதாகப் படிப்பவர்கள் மிரள்வது விகுதிப் பட்டியலைப் பார்த்துத்தான். புழங்கப் புழங்க அது படிந்துவிடும். நெடுநாள் பேசிய தமிழருக்கும் சறுக்குவது வேற்றுமை, அதாவது பெயரோடு சேரும் ‘ஐ’, ‘கு’ போன்ற உருபு.

பெரும்பாலான வினைக்கு ‘திர்’: யெ (உண்) – யெதிர், கெஸ் (வெட்டு) – கெஸ்திர். முன்னுள்ள உயிருக்கும் மெய்க்கும் இசைந்து இது 8 வடிவம் எடுக்கும். ஓரசையைத் தாண்டிய பகுதி உயிரிலோ ர், ல் ஒலியிலோ முடிந்தால் வெறும் ‘த்’. ‘பெக்லெதி’ என்றால் காத்திருந்தார். ‘பெக்லெத்தி’ என்றால் காக்க வைத்தார். நம் ‘பதி’, ‘பத்தி’ வேறுபாடுதான், தமிழ்க் காது தவறவிடாது.

மனப்பாடம் செய்தே ஆகவேண்டியவை ‘இர்’ ஏற்கும் சில ஓரசை வினைகள்: இச் (குடி) – இச்சிர், பிஷ் (வேகு) – பிஷிர், கெச் (கட) – கெச்சிர். ‘இச்திர்’ என்று ஒரு சொல் கிடையாது.

இனி வேற்றுமை. செயப்படுபொருள் குன்றிய வினையென்றால் (‘தூங்கு’ போல) செய்பவருக்கு ‘ஐ’: ‘பெபேயி உயுத்தும்’, குழந்தையைத் தூங்க வைத்தேன். குன்றாத வினையென்றால் (‘குடி’ போல) ‘கு’: ‘பெபேயே ஸூத் இச்சிர்திம்’, குழந்தைக்குப் பால் புகட்டினேன். இங்கேதான் ‘குழந்தையைப் பால் குடிக்க வைத்தேன்’ என்ற தமிழ் அமைப்பு உள்ளே புகுந்து ‘பெபேயி’ என்று சொல்ல வைக்கும். ‘வை’யை மறந்துவிட்டு ஊட்டு, புகட்டு, காட்டு இவற்றை நினையுங்கள். குழந்தைக்கு ஊட்டினேன், அவனுக்குக் காட்டினேன். நம் பழைய பிறவினைகள் துருக்கி வழியிலேயே போகின்றன. ‘கொர்’ (காண்) – ‘கொஸ்தெர்’ (காட்டு) ஜோடியும் அப்படியே.

ஏவினாலும் அனுமதித்தாலும் வற்புறுத்தினாலும் விகுதி ஒன்றுதான். வற்புறுத்தலைக் காட்ட ‘ஸோர்லா’ (வலுக்கட்டாயமாக) சேர்ப்பார்கள். விகுதிமேல் விகுதியும் ஏறும்: ‘பிஷிர்’ சமைப்பது, ‘பிஷிர்த்’ ஆள் வைத்துச் சமைப்பிப்பது. எதிர்மறையும் செயப்பாட்டு விகுதியும் இவற்றுக்குப் பிறகே வரும்.

சலூன், தையல்கடை, ஒர்க்‌ஷாப் மூன்றிலும் பிறவினை கட்டாயம். சலூனுக்குப் போய்வந்து நாம் ‘முடி வெட்டினேன்’ என்போம். அதையே ‘ஸாச்சுமு கெஸ்திம்’ என்றால் கத்தரியை நீங்களே பிடித்ததாக ஆகும். ‘ஸாச்சுமு கெஸ்திர்திம்’ என்பதே சரி. ‘ஸாச்சுமு’வை (என் முடியை) விழுங்கிவிடவும் கூடாது: ‘பிராஸ் கெஸ்திர்திம்’ என்றால் ‘கொஞ்சம் கண்ணயர்ந்தேன்’.