லாரி சீட் தைக்கிற கடையில் எங்கள் வாலிபால்கள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்தக் கடை. பலகையில் ‘லாரி, வேன், டூ வீலர் சீட் கவர் தைக்கப்படும்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கும். உள்ளே ரெக்ஸின் சுருள்கள், வெட்டிப் போட்ட ஸ்பான்ஞ், ஒரு பெரிய தையல் மிஷின். அந்த மிஷினுக்குப் பின்னால் சுவரில் ஆணி அடித்து, காற்றுப் போன பந்துகளை வரிசையாக மாட்டியிருப்பார். வாலிபால், ஃபுட்பால், எப்போதாவது ஒரு ஹேண்ட்பால். கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறோம். இளவயதில் ஃபுட்பால் ஆடியவர். அந்தப் பழக்கத்தில் பந்து தைக்கக் கற்றுக்கொண்டாராம்.

நான் காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பிள்ளைகளுக்கு பி.டி. மிஸ். 2021 அக்டோபரில் முதன்முறையாக இந்தக் கடைப் படி ஏறினேன், இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறேன். என்னைப் போன்ற மற்ற பள்ளி ஆசிரியர்களுக்கும் ஊர்க் குழுக்களுக்கும் இது தெரியவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் தடவை ஏன் போனேன் என்று சொன்னால்தான் கடையின் அருமை புரியும்.

2020 மார்ச் 16, திங்கட்கிழமை. கொரோனாவால் மறுநாள் முதல் 31 வரை பள்ளிகள் கிடையாது என்று அறிவிப்பு வந்தது. பதினைந்து நாள்தானே என்று, சாயங்காலப் பயிற்சி முடிந்ததும் பதினோரு பந்துகளையும் வலையையும் சாமான் அறையில் வைத்துப் பூட்டினேன். காற்றைக்கூடப் பாதி இறக்கவில்லை. பன்னிரண்டாவது பந்தை எங்கள் செட்டர் பொண்ணு, அதாவது அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள், கேட்டாள், கொடுத்து அனுப்பினேன். அப்போது அவள் பத்தாம் வகுப்பு. அந்த வருடம் பக்கத்துப் பள்ளிகளோடு ஆடும் குறுவட்டப் போட்டியில் ஜெயித்து, மாவட்டப் போட்டியில் அரையிறுதி வரை போயிருந்தோம். அடுத்த வருடம் மண்டலப் போட்டிக்குப் போவோம் என்று நான் மட்டுமல்ல, பிள்ளைகளும் நம்பியிருந்தார்கள்.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன். 2020 மே மாதத் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலம் என்று பெயர் வாங்கிய ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரிதான். அப்போது பிள்ளைகள் போன் மேல் போன். “மிஸ், நம்ம மாவட்டத்துல ஒருத்தருக்குக்கூட இல்லையாம் மிஸ். கிரவுண்டைத் திறங்க மிஸ், ஆறு பேர் மட்டும் வர்றோம்.” திறக்க முடியாது என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை. ஓரிரு நாளில் இங்கேயும் தொற்று வந்துவிட்டது. பிள்ளைகளும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

2021 ஜனவரி 19 அன்று பத்துக்கும் பன்னிரண்டுக்கும் மட்டும் பள்ளி திறந்தார்கள். வகுப்புக்கு 25 பேர், கையில் ஜிங்க் மாத்திரை, வைட்டமின் மாத்திரை. விளையாட்டுப் பாடவேளை எங்கள் பள்ளியில் இல்லை. ஒரே பந்தைப் பன்னிரண்டு பேர் தொடுகிற ஆட்டம், வேறு என்ன செய்வார்கள்? பிப்ரவரியில் ஒன்பதும் பதினொன்றும் வந்தார்கள், மார்ச்சில் திரும்ப வீட்டுக்குப் போனார்கள். செப்டம்பர் 1 அன்று மறுபடி 9 முதல் 12 வரை வந்தார்கள். அக்டோபரில்தான் எங்கள் தலைமை ஆசிரியர், “ஒரு பந்துக்கு ஆறு பேர், மாஸ்க் போட்டுக்கொண்டு, சாயங்காலம் ஒரு மணி நேரம்” என்று சரி சொன்னார்.

ஓடிப்போய் சாமான் அறையைத் திறந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை. இரண்டு கோடையின் சூடு அதற்குள்ளேயே கிடந்து வெந்திருக்கிறது. பந்துகள் எல்லாம் ஒருபக்கம் ஒடுங்கி, புளியம்பழ ஓடு மாதிரி கிடந்தன. ஒன்றை எடுத்து அமுக்கினால் உள்ளே காற்றுப் பை, அதாவது ப்ளாடர், மடிப்போடு மடிப்பு ஒட்டிப்போய்ச் சரசர என்கிறது. முழுக் காற்றோடு விட்டதால் முதலில் தையல் இழுபட்டு விரிந்து, அப்புறம் காற்று இறங்கியிருக்கிறது. வலையின் அடிநாடாவை எலி அறுத்திருந்தது. என் பின்னால் நின்ற பிள்ளைகள் ஒரு வார்த்தை பேசவில்லை.

புதுசு வாங்கக் கையில் பணமில்லை. சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் விளையாட்டு நிதி எங்களைப் போன்ற பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை, அது எல்லா ஆட்டத்துக்கும் சேர்த்து. அடுத்த தவணை எப்போது என்று தெரியாது. பக்கத்துப் பள்ளி பி.டி. சார்தான் இந்தக் கடையைச் சொன்னார். பதினோரு பந்தையும் உரச்சாக்கில் கட்டி டவுன் பஸ்ஸில் ஏற்றினேன்.

பாய் சாக்கைக் கொட்டியதும் எதையும் உடனே கையில் எடுக்கவில்லை. தரையில் உருட்டி உருட்டிப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றையும் காதருகே வைத்து அமுக்கினார். ஐந்து நிமிடத்தில் மூன்று குவியல். ஐந்து பந்துக்கு ப்ளாடர் மாற்றவேண்டும். மூன்றுக்குத் தையல் மட்டும் போதும். மூன்றைத் தள்ளிவைத்தார். “இதெல்லாம் ஒட்டின பந்து டீச்சரம்மா, தைச்ச பந்து இல்ல. பிரிச்சா திரும்ப உக்காராது. காசு வாங்கிட்டு உங்களை ஏமாத்த மாட்டேன்.” அந்த ஒரு பேச்சில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் தைப்பதை உட்கார்ந்து பார்த்தேன். வாலிபாலுக்குப் பதினெட்டு துண்டுகள், மூன்று மூன்றாக ஆறு பட்டை. வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஒரு துண்டின் தையலை மட்டும் பிளேடு நுனியால் பிரிக்கிறார். அந்த வாய் வழியாகப் பழைய ப்ளாடரை உருவிவிட்டு, புதியதைச் சுருட்டி உள்ளே விட்டு, வால்வைத் துளையில் உட்காரவைத்து ஒட்டுகிறார். லேசாகக் காற்றடித்து, ப்ளாடர் முறுக்காமல் உட்கார்ந்ததா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்த பிறகுதான் தையல். தேன்மெழுகில் இழுத்த நைலான் நூல், இரண்டு முனையிலும் இரண்டு ஊசி, ஒரே ஓட்டை வழியாக இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. ஒரு நூல் அறுந்தாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். கடைசி நான்கு தையல்தான் கஷ்டம். அதுவரை உள்ளிருந்து இழுக்கலாம், அதற்குப் பிறகு வெளியிலிருந்தே போட்டு, முடிச்சை ஒரு வளைந்த கம்பியால் உள்ளே தள்ளவேண்டும். முடிச்சு வெளியே தெரிந்தால் பிள்ளைகள் கையில் உரசும் என்றார்.

கணக்கு இது. ப்ளாடர் மாற்ற 150, தையல் மட்டும் என்றால் 60. எட்டுப் பந்துக்கு 930 ரூபாய். வலையின் அடியில் லாரித் தார்ப்பாயை நாலு விரல் அகலத்துக்கு வெட்டி மடித்துத் தைத்துக் கொடுத்தார், அதற்கு 350. அந்த நேரத்தில் ஒரு சுமாரான புதுப் பந்து 900 ரூபாய். அதற்கும் ஜலந்தரிலிருந்து சரக்கு வரவில்லை, அடுத்த வாரம் பாருங்கள் என்று கடைகளில் கையை விரித்துக்கொண்டிருந்தார்கள். பாய் ஐந்தாம் நாள் கொடுத்துவிட்டார்.

குறையும் உண்டு. விதிப்படி வாலிபால் 260 முதல் 280 கிராம் இருக்கவேண்டும். ஊருக்குப் போனதும் மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். ஒன்று 284, இன்னொன்று 286. கைக்குத் தெரியாது, ஆனால் சர்வீஸ் போட்டால் வலை தாண்டினதும் ஒருபக்கமாக இழுக்கும். தையல் போட்ட இடத்தில் கனம் கூடிவிட்டது. திரும்பப் போய்ச் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. தார்ப்பாய் தைக்கிற நூல் கொஞ்சம் தடிமன்தான் என்று ஒப்புக்கொண்டு, இரண்டையும் மெல்லிய நூலில் காசு வாங்காமல் பிரித்துத் தைத்தார். 277, 279. அன்றிலிருந்து என் பந்துகளுக்கு மெல்லிய நூல்தான். நீங்கள் போனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டிசம்பரில் இன்னொரு பிரச்சினை. பந்துகளின் தோல் வெடித்து, செதில் செதிலாக உரிய ஆரம்பித்தது. பாய் பார்த்த உடனே கேட்டார், “சானிடைசர் போட்டுத் துடைக்கிறீங்களா?” ஆமாம், ஒவ்வொரு செட்டுக்கும் துடைத்துக்கொண்டிருந்தோம். அந்த ஆல்கஹால் மேல்தோலை உலர்த்தி உரித்துவிடும் என்றார். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து நிழலில் காயவைத்தால் போதும். கிருமிக்கும் சோப்பு போதும்தானே. அன்றைக்கே கிளிசரின் ஒரு சின்ன பாட்டில் கொடுத்தார், காற்றடிக்கும் ஊசிக்கு. காலங்காலமாக நாங்கள் ஊசியை வாயில் வைத்து எச்சிலில் நனைத்துத்தான் வால்வில் குத்துவோம். உலர்ந்த ஊசி குத்தினால் வால்வு கிழியும் என்பதற்காக. கொரோனா நேரத்தில் அந்தப் பழக்கத்தை நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. அவர் யோசித்திருக்கிறார்.

அந்த ஐந்து நாளில் பந்து கிடைத்ததை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் செட்டர் அப்போது பிளஸ் டூ. பள்ளியில் அவளுக்கு மிச்சம் இருந்தது சில மாதம். 2020-21, 2021-22 இரண்டு வருடமும் எங்கள் பிள்ளைகளுக்குக் குறுவட்டப் போட்டி இல்லை, பாரதியார் தினப் போட்டி இல்லை. பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் அவள் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் பள்ளியை முடிக்கப்போகிறாள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் இருக்கின்றன, அரசு வேலையில் 3 சதவீதம் இருக்கிறது. அதற்கெல்லாம் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குப் போட்டி வேண்டும். நடக்காத போட்டிக்கு நான் எங்கே போய்ச் சான்றிதழ் வாங்குவேன்?

அவள் அணியில் இருந்த இன்னொரு பிள்ளைக்கு 2020-இல் கல்யாணம் பேசிவிட்டார்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லி நிறுத்தினோம். பள்ளிக்குத் திரும்பி வந்தாள், ஆனால் மைதானத்துக்கு வீட்டில் விடவில்லை. சாயங்காலம் வகுப்பு ஜன்னலில் நின்று பார்ப்பாள். இன்னும் இரண்டு பேர் மாங்கூழ் ஃபேக்டரிக்கு சீசன் வேலைக்குப் போனவர்கள், அப்படியே நின்றுவிட்டார்கள்.

வெளியில் உள்ளவர்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எங்கள் மாதிரிப் பள்ளியில் ஆட்டம் சொல்லிக்கொடுப்பது பி.டி. டீச்சர் மட்டும் இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அண்டர்ஹேண்ட் எடுக்கக் கையைச் சேர்த்துப் பிடித்துக் காட்டுவது எட்டாவது படிக்கிற அக்கா. அந்த அக்காவுக்குக் கட் அடிக்கச் சொல்லிக்கொடுத்தது பிளஸ் ஒன் அக்கா. 2020-இல் ஆறாம் வகுப்பில் பெயர் சேர்த்த பிள்ளைகள் 2021 நவம்பரில் பள்ளிக்குள் வரும்போது ஏழாவது. ஒருத்தி கையிலும் பந்து பட்டதில்லை. பாடத்தில் விட்டுப்போனதை நிரப்ப அந்த அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தது, நல்ல விஷயம். ஆட்டத்தில் விட்டுப்போனதை அக்காமார்தான் நிரப்பவேண்டும். அந்த அக்காமாரோ மே மாதம் போய்விடுவார்கள்.

நவம்பர், டிசம்பர் முழுக்க எட்டுத் தைத்த பந்தோடு அந்தப் பிளஸ் டூ செட்டர் கொடுத்த ஒன்பதாவது பந்தும் சேர்ந்து ஓடியது. ஆமாம், அவள் வீட்டுக்கு எடுத்துப்போன பந்து மட்டும் நன்றாக இருந்தது. மாட்டுக்கொட்டகைச் சுவரில் தினமும் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். மேல்தோல் வழவழப்புப் போய், எழுத்தெல்லாம் அழிந்திருந்தது, ஆனால் ஒரு தையல் விடவில்லை. ஜனவரியில் ஒமிக்ரான் என்று மூடினார்கள். பிப்ரவரி 1 திறந்ததும் திரும்ப வந்தாள். பொதுத்தேர்வுக்கு முந்தைய வாரம் வரை வந்தாள். ஏழாவது படித்த நான்கு பேருக்கு விரல் நுனியில் பந்தை ஏந்தித் தூக்கிக் கொடுக்கக் கற்றுக்கொடுத்தாள். அதில் ஒருத்திதான் இப்போது எங்கள் செட்டர்.

கடைக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயம். வெள்ளிக்கிழமை மதியம் கடை இருக்காது. கம்ப்யூட்டர் பில் கிடையாது, கையால் எழுதி ரப்பர் ஸ்டாம்ப் வைத்துத் தருவார். எங்கள் பள்ளியில் ஏற்றுக்கொள்கிறார்கள், உங்கள் தலைமை ஆசிரியரை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தைத்த பந்தைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், போட்டிக்குப் புதுசுதான் நல்லது. கோடை விடுமுறைக்கு முன் பந்துகளில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, வெயில் படாத அறையில் வையுங்கள். இதையும் அவர்தான் சொன்னார். மிச்ச ரெக்ஸின் துண்டுகளில் பந்துப் பை தைத்துக் கேட்டால் தருவார், உரச்சாக்குக்கு வேலை இல்லை. மாம்பழ சீசனில் மட்டும் லாரி வேலை குவிந்துவிடும். அப்போது அவர் சொல்லும் தேதியோடு மூன்று நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் நான்கு பந்தும் ஒரு வலையும் கொடுத்திருக்கிறேன். புதன்கிழமை வரச்சொன்னார். சீசன் நேரம் என்பதால் சனிக்கிழமை போவேன். கூட எங்கள் செட்டரையும் அழைத்துப் போகிறேன், அந்தக் கடைசி நான்கு தையலை அவள் பார்க்கவேண்டும் என்கிறாள்.